உட்கார்ந்த நிலையா, ஒருக்களித்த நிலையா: எபிடியூரல் ஊசிக்கு யாருக்கு எது பொருந்தும்?

குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் மேல்முனை முறிந்த நிலையில் அறுவை அரங்கிற்குக் கொண்டுவரப்படும் 78 வயது மூதாட்டி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு மாற்றும்போதே அவர் அலறிவிட்டார். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவையை முடிப்பது என்றும், முதுகில் ஒரு மெல்லிய குழாயை விட்டுவைத்து அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு அதன் வழியாகவே வலியைக் கட்டுப்படுத்துவது என்றும் முடிவாகியிருக்கிறது. இதைத்தான் எபிடியூரல் என்கிறோம். இப்போது அரங்கில் இருப்பவர்கள் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: ஊசி போடுவதற்கு அவரை உட்கார வைப்பதா, உடைந்த கால் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பதா, உடைந்த கால் கீழே இருக்கும்படி படுக்க வைப்பதா?

மயக்க மருத்துவராகப் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு நாள்தோறும் பழகிவருகிறேன். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் இதற்குப் பெரும்பாலும் ‘மருந்து எந்தப் பக்கம் இறங்கும்’ என்பதை வைத்தே விடை சொல்கிறார்கள். நோயாளியின் உறவினர்களோ ‘எப்படி வைத்தால் வலி குறைவாக இருக்கும்’ என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் உறவினர்களின் கேள்விதான் சரியான விடைக்கு அருகில் கொண்டுபோய் விடுகிறது. எபிடியூரலில் நோயாளி இருக்கும் நிலை முதன்மையாக உதவுவது ஊசிக்குத்தான். மருந்தின் பரவலில் அதன் பங்கு சிறியது. வலியால் உடலை இறுக்கிக்கொண்டிருப்பவரின் முதுகில் எந்த நிலையும் சரியான நிலையாக அமைவதில்லை.

ஊசி எதைத் தேடிப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்தையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் டியூரா என்னும் உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, முள்ளெலும்புகளைப் பிணைக்கும் மஞ்சள் இணைப்புத் தசைநாருக்கு உட்புறத்தில், கொழுப்பும் சிரைகளும் நிறைந்த ஓர் ஒடுக்கமான இடைவெளி இருக்கிறது. அதுவே எபிடியூரல் இடைவெளி. சராசரி உடல்வாகு கொண்டவருக்கு இடுப்புப் பகுதியில் தோலிலிருந்து 4 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் அது கிடைக்கும். சென்டிமீட்டர் கோடுகள் இட்ட, நுனி சற்று வளைந்த டூஹி என்னும் எபிடியூரல் ஊசியை, சலைன் நிரப்பிய சிரிஞ்சோடு சிறிது சிறிதாக முன்னேற்றுவோம். தசைநாருக்குள் ஊசி இருக்கும்வரை சிரிஞ்சின் தண்டு கல்லைப்போல் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும்; தசைநாரைத் தாண்டிய அந்தக் கணத்தில் எதிர்ப்பு சட்டென்று அறுந்து சலைன் உள்ளே போகும். கட்டைவிரல் உணரும் அந்தக் கணத்தை நம்பியே எல்லாம் நடக்கிறது. இன்னும் சில மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் டியூரா கிழிந்து தண்டுவட நீர் வெளியே வரும். அப்படிக் கிழிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுந்து உட்கார முடியாத தலைவலியால் அடுத்த சில நாட்கள் அவதிப்படுவார்கள்.

இந்தப் பயணத்திற்கு இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே வாசல் திறக்க வேண்டும். நிமிர்ந்த முதுகில், முள்ளெலும்புகளின் பின்புறம் துருத்தி நிற்கும் முள்முனைகள் ஒன்றோடொன்று நெருங்கி வாசலை அடைத்துக்கொள்ளும். முதுகின் கீழ்ப்பகுதி வெளிப்புறமாக வளையும்போது அவை விசிறிபோல் விரியும். நிலையைப் பற்றிய பேச்சில் பாதி இந்த வளைவைப் பற்றியதுதான். ‘குனியுங்கள்’ என்று சொன்னால் பெரும்பாலானோர் இடுப்பு மூட்டிலிருந்து முன்னால் சாய்வார்கள். முதுகு பலகையைப் போல நேராகவே இருக்கும். இது உட்கார்ந்த நிலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நான் குனியச் சொல்வதை விட்டுவிட்டு, ஊசி போக வேண்டிய இடத்தில் விரலை வைத்து, “அம்மா, என் விரல் படுற இடத்தை மட்டும் என் பக்கமாத் தள்ளுங்க, தோளைத் தளர விடுங்க” என்பேன். அந்த ஒரு வாக்கியத்தில் முள்முனைகள் விரலுக்கடியில் விலகுவதை உணர முடியும்.

இனி மருந்து எப்படிப் பரவுகிறது என்பதைப் பார்ப்போம். குழப்பம் முளைப்பது இங்கேதான். ஸ்பைனல் எனப்படும் முறையில் மருந்து நேராகத் தண்டுவட நீருக்குள் போகிறது. நம் அரங்குகளில் ‘ஹெவி’ என்று சொல்லிப் பயன்படுத்தும் ப்யூபிவகெயின் என்னும் மரப்பு மருந்து டெக்ஸ்ட்ரோஸ் எனும் சர்க்கரை சேர்ந்தது, தண்டுவட நீரைவிடக் கனமானது. ஆகவே எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இறங்கித் தேங்கும். உட்கார வைத்துப் போட்டு அப்படியே விட்டுவிட்டால் ஆசனவாய்ப் பகுதி மட்டும் மரக்கும். ஒருக்களித்துப் போட்டு அப்படியே விட்டால் கீழ்ப்பக்கக் கால் நன்றாகவும் மேல்பக்கக் கால் அரைகுறையாகவும் மரக்கும். இந்த விதியை மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் எபிடியூரலுக்கும் அதையே பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் எபிடியூரல் இடைவெளி நீர் தேங்கிய குளமல்ல. கொழுப்புக்கும் சிரைகளுக்கும் நடுவே, அழுத்தத்தோடு செலுத்தப்படும் 10 முதல் 20 மில்லிலிட்டர் திரவம் கிடைத்த வழியிலெல்லாம் மேலும் கீழுமாகப் பரவுகிறது. எவ்வளவு செலுத்தினோம், எந்த மட்டத்தில் செலுத்தினோம், நோயாளியின் வயது என்ன என்பவையே எவ்வளவு தூரம் மரக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. முதியவர்களுக்குக் குறைந்த அளவே வெகுதூரம் போய்விடும். ஒருக்களித்துப் படுத்திருக்கையில் செலுத்தினால் கீழ்ப்பக்கம் சற்று விரைவாகவும் ஒன்று முதல் மூன்று நரம்பு மட்டங்கள் கூடுதலாகவும் மரக்கலாம். அந்தச் சிறு ஆதாயத்திற்காக உடைந்த காலைக் கீழே வைத்து ஒரு மூதாட்டியைப் படுக்க வைப்பதை நான் ஏற்பதில்லை.

உட்கார்ந்த நிலையின் வலிமை என்ன? நடுக்கோடு கண்ணுக்குத் தெரியும் என்பதே. தலையின் பின்புறம், கழுத்தின் கடைசி முள்முனை, புட்டப் பிளவு மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைகின்றன. புவியீர்ப்பு இரு பக்கத்தையும் சமமாக இழுப்பதால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளாது. உடல் பருத்தவர்களுக்கு இதன் பயன் மிகப் பெரியது. அவர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் முதுகின் கொழுப்பு மடிப்பு படுக்கையை நோக்கித் தொங்கும். தோலின் நடுக்கோடு எலும்பின் நடுக்கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும். தோலை நம்பிக் குத்துகிற ஊசி எலும்பிலோ பக்கவாட்டுத் தசையிலோ போய் முட்டும். பருத்தவருக்கு வேறு காரணம் தடுக்காதவரை உட்கார்ந்த நிலையையே நான் பரிந்துரைப்பேன். அல்ட்ராசவுண்ட் கருவி கைவசம் இருந்தால் ஊசி எடுப்பதற்கு முன்பே நடுக்கோட்டையும் ஆழத்தையும் அளந்துகொள்வது அவருக்குச் செய்யும் பேருதவி.

உட்கார வைக்கும் விதத்திலும் வேறுபாடுகள் உண்டு. மேசை ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, பாதங்களுக்கு ஒரு ஸ்டூல் கொடுத்து, மடியில் தலையணையை அணைத்துக்கொள்ளச் செய்வது வழக்கமான முறை. ஸ்டூல் இல்லாமல் கால்கள் அந்தரத்தில் தொங்கினால் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்திலேயே முதுகுத் தசை இறுகும். மேசைமீதே கால்களை நீட்டி முன்னால் சாயச் செய்வது இன்னொரு முறை. மூன்றாவது, சம்மணமிட்டு உட்கார வைப்பது. தரையில் உட்கார்ந்து உண்டு பழகிய நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு மேசை விளிம்பைவிட அதுவே இயல்பாக இருக்கிறது. இடுப்பும் பின்னோக்கிச் சாய்ந்து கீழ்முதுகு தானாக வளைகிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவரிடம் மட்டும் அதைக் கேட்கக் கூடாது. எந்த விதமாக இருந்தாலும் எதிரே ஒருவர் நின்று தோள்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் வேறு எந்த வேலையையும் அப்போது செய்யக் கூடாது.

அவர் ஏன் அகலக் கூடாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். குடலிறக்க அறுவைக்கு வந்த திடகாத்திரமான இளைஞர் ஒருவரை உட்கார வைத்து, தோல் மரக்க மருந்து போட்டுவிட்டு ஊசியை எடுக்கத் திரும்பினேன். “சார், கண்ணு இருட்டுது” என்றார். மானிட்டரில் நாடித்துடிப்பு எண்பதிலிருந்து நாற்பதுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. செவிலியர் தோளைப் பிடித்திருந்ததால் அவரை அப்படியே பக்கவாட்டில் சாய்க்க முடிந்தது. கால்களை உயர்த்தி, நாடித்துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் கொடுத்ததும் ஓரிரு நிமிடங்களில் தெளிந்தார். பிறகு ஒருக்களித்த நிலையிலேயே ஊசி போட்டு முடித்தோம். ஊசி என்றாலே மயங்குகிறவர்கள், வெறும் வயிற்றில் நெடுநேரம் காத்திருந்தவர்கள், இரத்த இழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு உட்கார்ந்த நிலை இப்படிப்பட்ட ஆபத்தைக் கொண்டுவருகிறது. வலிக்காகவோ பதற்றத்திற்காகவோ தூக்கம் வரும் மருந்து கொடுத்திருந்தால் உட்கார வைப்பதை மறந்துவிடுவதே நல்லது.

ஒருக்களித்த நிலையில் இந்த மயக்கம் அரிது. நோயாளிக்கும் களைப்பில்லை, சிறிதளவு தூக்க மருந்தும் கொடுக்கலாம். தலை சுற்றுகிறவரும், உட்காரவே முடியாதவரும் இதில் அமைதியாக இருப்பார்கள். ஆனால் இந்த நிலையைச் சரியாக அமைப்பதற்குக் கூடுதல் கவனம் தேவை, அது பலருக்குக் கைவருவதில்லை. முதுகு மேசையின் விளிம்போடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் படுத்தால் மெத்தை குழிந்து முதுகெலும்பு தொய்யும். முழங்கால்கள் வயிற்றோடும் முகவாய் மார்போடும் சேர வேண்டும். இரு தோள்களும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரு இடுப்பெலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். மேலிருக்கும் இடுப்பு முன்பக்கமாக உருண்டுவிட்டால் முதுகெலும்பும் அதனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஊசி செங்குத்தாகப் போவதாகத் தோன்றினாலும் உள்ளே அது ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்றும் உண்டு: இடுப்பு அகன்ற பெண்கள் ஒருக்களித்தால் முதுகெலும்பு தலைப்பக்கம் சரியும்; தோள் அகன்ற ஆண்களுக்குக் கால்பக்கம் சரியும். தலைக்குத் தலையணை கொடுத்தோ மேசையைச் சற்றுச் சாய்த்தோ அதைச் சமன்செய்யலாம். எபிடியூரலில் இந்தச் சரிவு மருந்தின் பரவலைப் பெரிதாக மாற்றாது. ஊசியின் கோணத்தைக் கணிப்பதில்தான் தொல்லை தரும். ஸ்பைனலும் எபிடியூரலும் சேர்த்துச் செய்யும்போது அது முக்கியமாகிவிடும்.

சிரைகளைப் பற்றிய ஒரு வேறுபாட்டைக் கர்ப்பிணிகளின் விஷயத்தில் தனியே சொல்ல வேண்டும். கருப்பை வயிற்றின் பெருஞ்சிரையை அழுத்துவதால் கீழ்ப்பகுதி இரத்தம் எபிடியூரல் சிரைகள் வழியாக மாற்றுப்பாதையில் திரும்புகிறது. அவை வீங்கிப் புடைத்திருக்கும். உட்கார்ந்தால் இந்தப் புடைப்பு கூடுகிறது, ஒருக்களித்தால் குறைகிறது, ஒருக்களித்துத் தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தினால் இன்னும் குறைகிறது. குழாய் சிரைக்குள் நுழைந்து இரத்தம் திரும்பி வரும் தொல்லை ஒருக்களித்த நிலையில் குறைவு என்பதற்கு இதுவே காரணம். சிரைக்குள் இருக்கும் குழாயில் முழு அளவு மருந்தையும் செலுத்திவிட்டால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். ஆகவேதான் எந்த நிலையில் போட்டாலும் முதலில், நாடித்துடிப்பைக் கூட்டும் அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தை 3 மில்லிலிட்டர் மட்டும் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் மானிட்டரைப் பார்க்கிறோம். நாடித்துடிப்பு திடீரென்று இருபது கூடினால் குழாய் சிரையில் இருக்கிறது என்று பொருள். பிரசவ வலியில் இருப்பவருக்கு வலி எழும்பும்போது இந்த எண் தானாகவே கூடும் என்பதால், ஒரு வலி அடங்கி அடுத்தது தொடங்குவதற்கு முன்பான இடைவெளியில் பரிசோதனை அளவைக் கொடுப்பது வழக்கம். ஒல்லியான கர்ப்பிணிக்கு இடப்பக்கம் ஒருக்களித்த நிலையும், பருத்த கர்ப்பிணிக்கு உட்கார்ந்த நிலையும் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். குழந்தையின் தலை வெகுவாக இறங்கிவிட்ட பெண்ணால் உட்காரவே முடியாது. அங்கே கேள்விக்கே இடமில்லை.

மேல்வயிறு, மார்பு ஆகியவற்றின் பெரிய அறுவைகளுக்கு நெஞ்சு மட்டத்தில் எபிடியூரல் போடும்போது என் சாய்வு உட்கார்ந்த நிலையின் பக்கமே. அங்கே முள்முனைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருக்கின்றன; எவ்வளவு வளைந்தாலும் வாசல் பெரிதாகத் திறக்காது, நடுக்கோட்டிலிருந்து சற்று விலகிச் சாய்வாக நுழைய வேண்டியிருக்கும். உள்ளே தண்டுவடமே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது பொதுவாக முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திற்கு அருகில்தான் முடிகிறது. இடம் வலம் தெளிவாகத் தெரியும் நிலையை அங்கே கைவிடக் கூடாது. தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக ஏழாவது நெஞ்சு முள்ளெலும்பு என்று எண்ணத் தொடங்குவதற்கும் கைகளை முன்னால் தளரவிட்டு உட்கார்ந்திருப்பது உதவுகிறது.

மூதாட்டியிடம் திரும்புவோம்.

உடைந்த காலோடு அவரை உட்கார வைக்க முயன்றால் இருவர் தாங்கிப் பிடித்தாலும் தொடை மடியும் ஒவ்வொரு அங்குலமும் வேதனை. உடைந்த கால் கீழே இருக்கும்படி படுக்க வைத்தால் உடல் எடை முழுவதும் முறிவின்மீது விழும். உடைந்த கால் மேலே இருந்தால் எடை விழாது. ஆனால் மேல் கால் முன்னால் விழுந்து முறிவை முறுக்கும், அதைத் தாங்க ஒருவர் வேண்டும் அல்லது தொடைகளுக்கு நடுவே இரண்டு தலையணைகள் வேண்டும். மூன்றும் வலிதான், எது குறைந்த வலி என்று மட்டும் யோசித்து நாம் காலம் கடத்திவந்திருக்கிறோம். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஃபென்டனில் என்னும் வலிநிவாரணியைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, ‘பல்லைக் கடிச்சுக்கோங்க பாட்டி’ என்று சொல்லித் திருப்பியவர்களில் நானும் ஒருவன். அவர்கள் பல்லைக் கடித்தார்கள், முதுகையும் இறுக்கினார்கள், ஊசி எலும்பில் முட்டி முட்டித் திரும்பியது. அந்த நிமிடங்களை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

இதற்கு நல்ல வழி நிலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இருக்கிறது. தொடையின் முன்புறத்தில் தொடை நரம்பைச் சுற்றியோ, ஃபாஸியா இலியாகா எனப்படும் தசையுறைக்கு அடியிலோ மரப்பு மருந்தைச் செலுத்திவிட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருந்தால் முறிவின் வலி வெகுவாக அடங்கிவிடுகிறது. மல்லாந்து படுத்திருக்கையிலேயே இதைச் செய்யலாம். காலை அசைக்கத் தேவையில்லை. நரம்பு வழியாகக் கொடுக்கும் ஃபென்டனிலோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும், நிலை மாற்றும்போது வலி குறைவாக இருந்ததும் முதுகு நன்றாக வளைந்ததும் இந்த நரம்பு மரப்பிலேயே தெரிந்தன. இப்படிச் செய்துவிட்டால் மூன்று வழிகளில் இரண்டு உண்மையிலேயே திறக்கின்றன. ஒல்லியானவர் என்றால் உடைந்த கால் மேலே இருக்கும்படி ஒருக்களிப்பேன். முதுகு மிகவும் பருத்தோ வளைந்தோ இருந்தால் உட்கார வைப்பேன்.

இங்கே ஒரு கணக்கைத் தவறவிடக் கூடாது. 45 கிலோ எடையுள்ளவருக்கு ப்யூபிவகெயினைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பில் கொடுத்தால் மொத்தம் 90 மில்லிகிராம்தான். தொடையில் 0.25 சதவீத மருந்தை 30 மில்லிலிட்டர் போட்டாலே 75 மில்லிகிராம் போய்விடுகிறது. எபிடியூரலில் அறுவைக்குப் போதுமான அளவு கொடுக்க மிச்சமில்லை. எனவே அல்ட்ராசவுண்ட் உதவியோடு குறைந்த அளவில், நீர்த்த மருந்தாகத் தொடையில் போடுவது நல்லது. அறுவைக்கு ஸ்பைனலில் மிகச் சிறு அளவு கொடுத்து, எபிடியூரல் குழாயைக் கூடுதல் தேவைக்கும் பிந்தைய வலிக்கும் வைத்துக்கொள்வது எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி. அப்போது மட்டும் பக்கத்தைப் பற்றிய பழைய விதி திரும்ப உயிர்பெறுகிறது: உடைந்த கால் மேலே இருக்கையில் கனமான மருந்தைப் போட்டுவிட்டு, குழாய் செருகுவதில் ஐந்தாறு நிமிடம் தாமதித்தால் நல்ல கால் மரத்து உடைந்த கால் விழித்திருக்கும். குழாய் எளிதில் செல்லாது என்று தோன்றினால் முதலில் எபிடியூரல் குழாயைச் செருகி நிறுத்திவிட்டு, அடுத்த மட்டத்தில் ஸ்பைனலைத் தனியாகப் போட்டு உடனே மல்லாத்துவதே பாதுகாப்பு.

குழாயைத் தோலில் ஒட்டும் வேளையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டிலிருந்து ‘வலி விடவில்லை’ என்று அழைப்பு வருவதில் இதற்குப் பங்கு உண்டு. தொடர்ச்சியான எபிடியூரலை 1947-இல் கியூபாவின் ஹவானாவில் மயக்க மருத்துவர் மார்டினெஸ் குர்பேலோ, டூஹி ஊசி வழியாகச் சிறுநீர்க்குழாய்க்கான கதீட்டரைச் செருகிச் செய்துகாட்டினார். இன்றைய குழாய்கள் அதைவிட மெல்லியவை, ஆனாலும் இடம்பெயரும் குணம் போகவில்லை. பொதுவாக இடைவெளிக்குள் 4 முதல் 6 சென்டிமீட்டர் வரை விடுகிறோம். வளைந்து உட்கார்ந்திருக்கையில் முதுகுத் தோலுக்கும் இடைவெளிக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்திருக்கும். நிமிர்ந்தால் அது கூடும். ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் கூடும். பருத்தவர்களுக்கு இந்த மாற்றம் மிக அதிகம். குனிந்த நிலையிலேயே குழாயைப் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டால், நோயாளி படுத்ததும் தோல் பின்வாங்கி, ஒட்டப்பட்ட குழாயை இடைவெளியிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறது. ஆகவே உட்கார வைத்துப் போட்டாலும், ஊசியை எடுத்த பின் குழாயை ஒட்டாமல் பிடித்துக்கொண்டு, அவரை நிமிரச் செய்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, குழாய் தேவையான அளவுக்குத் தோலுக்குள் தானாக இழுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு அது வியப்பாக இருக்கும்: குழாயில் உள்ள கோடு ஒன்று மெல்ல நகர்ந்து தோலுக்கடியில் மறையும். ஒருக்களித்த நிலையிலேயே போட்டவர்களுக்கு முதுகை நேராக்கச் சொல்லிவிட்டு ஒட்டினால் போதும்.

ஒரு பக்கம் மட்டும் மரத்து மறுபக்கம் வலி இருந்தால் என்ன செய்வது? வலிக்கும் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பிப் படுக்க வைத்து மேலும் மருந்து கொடுப்பது பரவலான பழக்கம். புவியீர்ப்பின் பங்கு சிறியது என்று மேலே சொன்னேன். ஆகவே திருப்புவதை மட்டும் நம்ப வேண்டாம். குழாய் அதிகம் உள்ளே போய்ப் பக்கத்து நரம்புத் துளையை நோக்கித் திரும்பியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்துவிட்டுப் பிறகு திருப்பி மருந்து கொடுத்தால்தான் பலன் தெரிகிறது. அதற்கும் மசியாவிட்டால் புதிய குழாய்தான்.

அறுவைக்குப் பிறகான நாட்களில் வார்டு செவிலியர்களிடம் நான் வலியுறுத்துவது குதிகால்களைத்தான். மரத்த கால் படுக்கையில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தாலும் மூதாட்டிக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிலை மாற்றி, குதிகாலுக்கடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்து நிற்க முயல்வதற்கு முன் முழங்காலை மடக்கி நீட்ட முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

குழாயை எடுக்கும் நாளிலும் நிலை ஒரு பொருட்டுதான். இரத்தம் உறையாமலிருக்கக் குறைந்த மூலக்கூறு எடை ஹெபாரின் ஊசி தடுப்பளவில் போட்டுவந்தால், கடைசி ஊசிக்கு 12 மணி நேரம் கழித்தே குழாயை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அடுத்த ஊசிக்குக் குறைந்தது 4 மணி நேரம் பொறுக்க வேண்டும். உட்கார வைத்து இழுப்பதைவிட ஒருக்களித்து, முதுகை வளைக்கச் செய்து இழுத்தால் குறைந்த விசையில் வருகிறது. இறுக்கமாக இருந்தால் வலுக்கட்டாயம் கூடாது. போட்டபோது எந்த நிலையில் இருந்தாரோ அதே நிலைக்கு அவரைக் கொண்டுவந்து மெதுவாக மீண்டும் முயல வேண்டும். வெளியே வந்ததும் குழாயின் நுனி முழுமையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, நேரத்தையும் அந்த விவரத்தையும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.